வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால்

வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வாசல் எந்தத் திசை என்று. அடுத்து ஹால் எத்தனை அடி, ஸ்டேஷன் எவ்வளவு தூரம். இருபது நிமிடத்தில் காபி குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மறுநாள் அட்வான்ஸ். அப்புறம் இருபது வருடக் கடன்.

சட்டம் இந்த அவசரத்துக்கு இரக்கம் காட்டுவதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவில் விற்பவருக்கு ஒரு கடமையை விதிக்கிறது. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை அவர் சொல்லியாக வேண்டும். இதன் மறுபக்கம்தான் வாங்குபவருக்கு முக்கியம். பார்த்தாலே தெரிந்திருக்கும் குறை இந்தப் பாதுகாப்புக்குள் வராது. பார்க்காமல் விட்டது உங்கள் பாடு.

பார்ப்பதை ஓதத்தில் தொடங்குங்கள். முடிந்தால் மழைக்காலத்தில், அதுவும் பகலில் போங்கள். வீடு முழுவதும் பழைய பெயின்ட். ஓர் அறையின் மூலையில் மட்டும் புதுப் பூச்சு என்றால் ஏன் என்று கேளுங்கள். மாடி வீட்டுக் குளியலறை எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அதற்கு நேர் கீழே உள்ள சீலிங்கைப் பாருங்கள். பால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு விளக்கைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்க்கலாம். தரையை ஒட்டிய சுவரில் உப்புப் பூத்திருந்தால் ஓதம் கீழிருந்து ஏறுகிறது. அதற்கு வெள்ளையடிப்பது மருந்தல்ல.

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் ஜாலியை நோக்கி ஓடும். இல்லையென்றால் மூலையில் தேங்கும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். கோடையில் எத்தனை டேங்கர் வருகிறது என்று காவலாளியிடம் கேளுங்கள். 2024 கோடையில் பெங்களூரில் தண்ணீருக்குத் திண்டாடியவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

அடுத்து விரிசல். எல்லா விரிசலும் ஆபத்தல்ல. பூச்சில் சிலந்தி வலை போல ஓடும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் பூச்சு உலர்ந்ததால் வந்தவை. செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவதும் பொதுவாகச் சாதாரணமே. படிக்கட்டு போல ஏறும் விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் அகலமான விரிசல் ஆகியவற்றை இன்ஜினியரிடம் காட்ட வேண்டும். உத்தரத்தின் நீளவாக்கில் துருக்கறையுடன் ஓடும் விரிசல் இன்னும் மோசம். உள்ளே கம்பி துருப்பிடித்து, பருத்து, கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் மேற்பூச்சு விட்டுப்போயிருக்கிறது.

கட்டடம் புதிது என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. குருகிராமில் 2022 பிப்ரவரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பல தளங்கள் சரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கான்கிரீட்டில் கலந்திருந்த குளோரைடால் கம்பிகள் வேகமாகத் துருப்பிடித்ததை டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வு கண்டது. 2001 ஜனவரி 26 பூகம்பத்தின் மையம் பூஜ் அருகே. ஆனால் 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில், கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் தூண்களில் நிறுத்திய அடுக்குமாடிகள் பல விழுந்தன. டெல்லியிலோ குவாஹாட்டியிலோ வாங்குபவர்கள், பூகம்பத்தைத் தாங்கும் வகையில் வடிவமைத்ததற்கான ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் சான்றைக் கேட்பது நல்லது.

மும்பையில் பழைய பிளாட் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதி சங்கங்களின் மாதிரி விதிகளின்படி, 15 முதல் 30 ஆண்டுகள் ஆன கட்டடத்துக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறையும், 30 ஆண்டு கடந்ததற்கு 3 ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டுமானத் தணிக்கை நடக்க வேண்டும். கடைசி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சொஸைட்டி தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான்.

மின்சாரத்தில் இரண்டு சோதனைகள். பேனலில் உள்ள மின்கசிவு பிரேக்கரின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்.

கையோடு ஒரு டேப் கொண்டுபோங்கள். விளம்பரத்தில் உள்ள 'சூப்பர் பில்ட் அப்' பரப்பில் லிப்டும் படிக்கட்டும்கூடச் சேர்ந்திருக்கும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்ப்பெட் ஏரியா என்பது உள்ளே புழங்கும் பரப்பு. உட்சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. இதே சட்டத்தின்படி, பில்டர் சாவி கொடுத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து அவரிடம் புகார் செய்தால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஆகவே புது வீட்டில் கண்ட குறைகளைத் தேதியுடன் போட்டோ எடுத்து, எழுத்தில் கொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விரிசல் காகிதத்தில் இருக்கும். மும்பை ஒர்லியின் கேம்பா கோலா வளாகத்தில் அனுமதியை மீறிக் கட்டிய மாடிகளில் குடியிருந்தவர்கள் 2013இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அங்கீகரித்த வரைபடம், குடியேற்றச் சான்று, வில்லங்கச் சான்று மூன்றும் கைக்கு வராமல் பணம் கைமாறக் கூடாது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒழுகும் சீலிங்கின் மேல் பெயின்ட் அடிப்பதைவிட, ஒழுகலை அடைத்துவிட்டு அந்த ரசீதைக் காட்டுங்கள். விலையில் கொஞ்சம் குறையலாம். மறைத்தது பின்னால் தெரிந்தால் வழக்கு வரும்.

வாங்குபவர்கள் புரோக்கருக்கு வேண்டியவரல்லாத, தாமே தேர்ந்தெடுத்த இன்ஜினியர் ஒருவரை அழைத்துப்போகட்டும். அவருக்குத் தரும் கட்டணம் வீட்டு விலையில் ஒரு துளி. இதெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். யார் எதைச் சரிசெய்வது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பத்திரம் பதிவான பிறகு கண்டுபிடிக்கும் ஒழுகலுக்கு வாளி வைக்க வேண்டியவர் நீங்கள்தான்.