பழி சொல்வதற்கு முன்

"வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்" என்று கொரோனாக் காலத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் ஓயாமல் சொல்லின. தொற்றைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரைதான். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வீடு என்பது கொதிக்கும் கேத்தலும், தண்ணீர் நிரம்பிய வாளியும், மூடியில்லாத கிணறும், கைக்கு எட்டும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் உள்ள இடம்.

2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில், 20ஆம் திகதி மாலை, நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. பாடசாலையிலும் பாலர் பாடசாலையிலும் இருக்க வேண்டிய பிள்ளைகள் எல்லோரும் நாள் முழுக்க சமையலறையைச் சுற்றியே வந்தார்கள். புதிதாகச் சனிடைசரும் வீட்டுக்குள் வந்தது. அதில் பாதிக்கு மேல் அற்ககோல். அதைப் பழைய சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த வீடுகளும் உண்டு. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சோடாப் போத்தலில் இருப்பதெல்லாம் சோடாதான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொகை, முந்திய வருடத்தோடு ஒப்பிடும்போது 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பிள்ளைகள் விழுவதையும் சுட்டுக்கொள்வதையும் நிறுத்திவிட்டார்களா? இல்லை. மற்றத் தொற்று நோய்கள் குறைந்தது ஒரு காரணம். வைத்தியசாலைக்குப் போகப் பயந்தது இன்னொரு காரணம்.

இலங்கை முஸ்லிம்களாகிய எமக்கு அந்தப் பயம் இரட்டிப்பாக இருந்தது. கொரோனாவால் மரணிப்போரைத் தகனம் செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான். அதுவரை, வைத்தியசாலைக்குப் போய் மௌத்தானால் ஜனாஸாவும் திரும்பி வராதே என்று எத்தனையோ குடும்பங்கள் கலங்கின. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

ஆனால் கொரோனாவுக்கு முன்பும் இருந்து, அது போன பின்பும் போகாத பயம் ஒன்று உண்டு. அதுதான் பழிச்சொல்லுக்கான பயம். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் உம்மாவிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "பிள்ளையப் பாக்காம என்ன செஞ்சுகொண்டிருந்த?" என்பதே. உம்மா அடுப்படியில் நின்றால் அந்தக் கேள்வி மூத்த மகளிடம் வரும். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் சுட்ட இடத்தில் பற்பசையைப் பூசிவிட்டு, "ஆறிடும்" என்று அந்தி வரை காத்திருக்கிறார்கள். காயத்தை விட அந்தத் தாமதம் சில வேளை பெரிய கெடுதியைச் செய்துவிடுகிறது.

பிள்ளையைக் கவனிப்பது தாயின் கடமைதானே என்று சிலர் கேட்கலாம். கடமைதான். ஆனால் எட்டுப் பேருக்குச் சமைத்து, ஒரு பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்குத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு கண்கள்தான் உண்டு. கிணற்றுக்கு மூடி போடுவதும், மருந்தையும் மண்ணெண்ணெயையும் வைக்க உயரத்தில் பூட்டுள்ள அலுமாரி அடிப்பதும் வாப்பாவும் நாநாவும் ஒரு வெள்ளிக்கிழமை பின்நேரத்தில் முடிக்கக்கூடிய வேலைகள்.

இரவில் உறங்கப் போகுமுன் விளக்கை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணத்தையும் விளக்கினார்கள். ஆபத்து வருமுன்னே வீட்டைச் சரிசெய்யச் சொல்லும் மார்க்கம் இது. "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிவிட்டு அதே போத்தலை அதே இடத்தில் வைப்பது தவக்குல் ஆகாது.

எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன. சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். பற்பசை, வெண்ணெய், முட்டை எதையும் பூசக் கூடாது. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். சிறிய பட்டன் பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும் என்பதால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இவற்றைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். பெற்றோர் கூட்டத்தில் எங்கள் புள்ளிகளைப் பற்றிப் பேசும் நேரத்தில் அந்தப் பத்து நிமிடத்தையும் ஒதுக்கும்படி அதிபரையும் ஆசிரியர்களையும் பணிவுடன் கேட்கிறேன். உம்மாமார் மட்டுமல்ல, வாப்பாமாரும் அன்று வர வேண்டும்.

இனி ஒரு வீட்டில் பிள்ளை அழுதுகொண்டு ஓடி வந்தால், "யார் பாத்துக்கொண்டிருந்த?" என்று கேட்காதீர்கள். "தண்ணி ஊத்தியாச்சா? 1990க்கு எடுத்தாச்சா?" என்று கேளுங்கள்.