தட்டினால் மட்டும் போதுமா?

கல்பாத்தியிலிருந்து அப்பா, அம்மா வந்து இறங்கியதும் நாமெல்லாம் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கிராண்ட் கேன்யன் காட்டக் கூட்டிக்கொண்டு போவோம், போகிற வழியில் லாஸ் வேகாஸில் ரெண்டு ராத்திரி. (சூதாட இல்லை ஸ்வாமி, வார நாளில் ரூம் மலிவு!) அப்படிக் கிளம்புகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்ம ஊரில் ஹோட்டல் செக்யூரிட்டி என்றால் அது வாசலில். 2008 நவம்பர் 26-ல் மும்பை தாஜிலும் ஓபராயிலும் நடந்ததற்குப் பிறகு, பெரிய ஹோட்டல்களில் காருக்கு அடியில் கண்ணாடி விடுவார்கள், பெட்டியை எக்ஸ்ரேயில் போடுவார்கள். அதைத் தாண்டிவிட்டால் ரூம் உங்களுடையது. வேகாஸில் இது தலைகீழ். வாசலில் பெரும்பாலும் யாரும் பையைத் தொடுவதில்லை. சூதாட வருகிறவனை வரிசையில் நிற்க வைத்தால் வியாபாரம் என்ன ஆவது? சோதனையெல்லாம் ரூமுக்குள்தான்.

காரணம் 2017 அக்டோபர் 1. மாண்டலே பே ஹோட்டலின் 32-வது மாடியிலிருந்து ஒருவன் கீழே இசை விழாக் கூட்டத்தைச் சுட்டான். இறந்தவர்கள் 58 பேர், பிறகு அந்தக் கணக்கு 60 ஆனது. பல நாட்களாக இருபதுக்கும் மேற்பட்ட பைகளில் துப்பாக்கிகளை ரூமுக்குக் கொண்டுபோயிருக்கிறான், ஹோட்டல் ஊழியரே சுமக்க உதவியிருக்கிறார். அதன்பிறகு பல ஹோட்டல்களில் விதி மாறியது. 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை தொங்கினாலும், ஒன்றிரண்டு நாள் யாரும் உள்ளே போகவில்லை என்றால் ஆள் வந்து பார்ப்பார்.

பார்க்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்கிற விதம்? அப்பா சட்டையில்லாமல், பஞ்சகச்சத்தோடு காலை சந்தியாவந்தனத்தில் இருந்தபோது ஒரு தட்டு, அடுத்த நொடி கதவு திறந்தது. வாட்டசாட்டமாக ரெண்டு பேர். அம்மா வெலவெலத்துப் போய்விட்டாள். அப்பா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. (எந்த ஹோட்டல் என்பது இங்கே வேண்டாம்.)

எங்க கிராமத்தில் புது முகம் தெருவில் நுழைந்தாலே திண்ணையிலிருந்து "ஆராக்கும்? எந்தாத்துக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். அப்பாவே அப்படிக் கேட்கிறவர்தான். கேள்வி அவருக்குப் பிரச்சினையே இல்லை. கேட்கிறவர் திண்ணையோடு நிற்பார், பூஜை உள்ளுக்கு வரமாட்டார். அதுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குப் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது எப்படித் தெரியும்? வாசலில் எக்ஸ்ரே வைத்தால் காசினோவுக்குக் கூட்டம் குறையும், செலவும் ஆகும். அதற்குப் பதிலாக நம் அந்தரங்கத்தில் கை வைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 2018 ஆகஸ்டில் டெஃப்கான் மாநாட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்காரர்களும் இதே சோதனையைப் பற்றிப் பொருமித் தீர்த்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஹோட்டல் குமாஸ்தா சம்மதித்தார் என்பதற்காக மட்டும் போலீஸ் வாரண்ட் இல்லாமல் உங்கள் ரூமைச் சோதிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது. ஆனால் ஹோட்டல் ஊழியர் போலீஸ் இல்லையே! அவருக்கு ஹோட்டல் விதிதான்.

அதனால், செக்-இன் செய்யும்போதே எத்தனை மணிக்கொரு தரம் ரூமைப் பார்ப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். தினமும் ஒரு தடவை சுத்தம் செய்ய ஆளை விட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. பெரியவர்கள் தனியாக இருக்கும்போது உள்தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். யாராவது தட்டினால் உடனே திறக்க வேண்டாம், முதலில் ஃப்ரண்ட் டெஸ்க்குக்குப் போன் போட்டு, ஆள் அனுப்பினீர்களா என்று கேட்கட்டும். அம்மாவுக்கு இங்கிலீஷ் தகராறு என்றால் உங்கள் செல் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் வையுங்கள்.