வலையும் ஒலிபெருக்கியும்

செய்தி எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதைக் கொண்டே ஒரு வலைப்பின்னலின் பெருமையை அளப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அச்செய்தி யாரிடம் சென்று சேர்கிறது, சேர்ப்பவர் யார், அவரை நிறுத்திக் கேள்வி கேட்க இயலுமா என்பனவற்றை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. கணினி வலை அரிதாயிருந்த காலத்திலேயே இக்கேள்விகளுக்கு முதலிடம் தந்த முயற்சியொன்று புதுச்சேரிச் சிற்றூர்களில் நடந்தது.

இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15 முதல் கிடைக்கலாயிற்று. ஆயினும், சிற்றூர்களுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. இந்நிலையில், 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு சுற்றுப்புற ஊர்களில் தகவல் மையங்களை அமைத்தது. தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாததால், இருவழி வானொலிக் கருவிகளின்வழிக் கணினிகள் இணைக்கப்பட்டன. மின்தடைக்கு மாற்றாகச் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன.

கருவிகளைவிட, ஊராரிடம் வைக்கப்பட்ட நிபந்தனைகளே என் கருத்தில் பெரியவை. மையத்துக்கான இடத்தை ஊரே தருதல் வேண்டும். அதனுள் சாதி வேறுபாடின்றி யாவரும் நுழைதல் வேண்டும். ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்களே அதனை நடத்துதல் வேண்டும். அத்தன்னார்வலர்களுள் பெண்கள் மிகுதி. எம்பலத்தில் கோயிலுக்குரிய இடத்திலேயே மையம் அமைந்தது. கதவு யாருக்குத் திறக்கும் என்பதைத் தொழில்நுட்பக் கையேடுகள் பேசுவதில்லை. நம் ஊர்களிலோ அதுவே முதற்கேள்வி.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்குள்ளோர்க்கு வேண்டியது அலையின் உயரமும் காற்றின் திசையும் பற்றிய முன்னறிவிப்பு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயர முன்கணிப்பு, வில்லியனூரில் பெறப்பட்டுத் தமிழில் எழுதப்பட்டு வீராம்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கு அது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர், கணினியை ஒருமுறையும் தொடாமலேயே அவ்வலையின் பயனாளர் ஆனார். ஒரு வல்லரசின் போர்க்கப்பல்களுக்காகத் திரட்டப்பட்ட தகவல், எழுதப் படிக்கத் தெரியாத மீனவரையும் சென்றடைந்தது வியப்புக்குரியதன்றோ?

2004 டிசம்பர் 26 அன்று இவ்வேற்பாடு உயிர் காத்தது. சிங்கப்பூரில் பணிபுரிந்துவந்த நல்லவாடு இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் கூறினார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியை இயக்கி எச்சரித்தனர். ஏறத்தாழ 500 குடும்பத்தினர் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். படகுகளும் வீடுகளும் அழிந்தன. 2007ஐ இலக்காண்டாகக் கொண்டு, ஊர்தோறும் அறிவு மையம் என்னும் நாடளாவிய இயக்கமாக இம்முயற்சி விரிந்தது.

உலக அரங்கிலும் இத்தகைய ஒன்றைக் காணலாம். 1994 ஜனவரி 1 அன்று மெக்சிகோ நாட்டின் சியாப்பாஸ் பகுதிப் பழங்குடி மக்களின் சபாத்திஸ்தா இயக்கம் கிளர்ந்தெழுந்தது. காட்டில் எழுதப்பட்ட அறிக்கைகள் கைமாறி நகரத்து நாளிதழ்களை அடைந்தன. ஆதரவாளர்கள் அவற்றைத் தட்டச்சு செய்து, மின்னஞ்சல்வழி உலகெங்கும் அனுப்பினர். கணினி இல்லாத காட்டுக்கும் கணினி உள்ள உலகுக்கும் இடையே மனிதக் கைகளே பாலமாயின.

"இப்போதுதான் ஒவ்வொருவர் கையிலும் திறன்பேசி இருக்கிறதே, மையம் எதற்கு?" என்பார் உளர். அவர்கள் 2023 மார்ச் மாதத் திருப்பூரை நினைத்துப் பார்க்கவேண்டும். தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. எங்கோ வேறு காரணத்தால் நிகழ்ந்தவை இங்கு நிகழ்ந்தனவாகக் காட்டப்பட்டன. பனியன் நிறுவனங்களில் ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் அஞ்சினர். தொலைவிலிருந்த பெற்றோர் அவர்களினும் மிகுதியாக அஞ்சினர். காவல்துறை இந்தி மொழியில் விளக்கமளித்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. நொடியில் பரவிய பொய்யை மறுக்க, மனிதர் நேரில் வர நேர்ந்தது!

வீராம்பட்டினத்தில் அலை உயரம் தவறாக அறிவிக்கப்பட்டிருந்தால், அன்று மாலையே மீனவர் மையத்துக்குச் சென்று கேட்டிருப்பர். அறிவித்தவரும் அவ்வூரார், அவர் தெருவும் வீடும் யாவரும் அறிந்தவை. திறன்பேசியில் வந்த காணொலிக்கு அத்தகைய முகவரி இல்லை. வேகத்தில் வென்ற நாம் பொறுப்பை இழந்தோம் என்றே கருதுகிறேன்.

நொய்யலை ஒட்டிய மண்ணரை போன்ற பகுதிகளில் தமிழ், இந்தி, ஒடியா பேசுவோர் அடுத்தடுத்த அறைகளில் வாழ்கின்றனர். வருங்கால வைப்புநிதிக் கணக்கு, காப்பீட்டு மருந்தகம், குறைந்தபட்ச ஊதியம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் முறை ஆகியன பற்றி அவர்களுக்கு ஐயங்கள் எழுகின்றன. அவற்றுக்கு விடைகள் அரசு இணையதளங்களில் உள்ளன. அவற்றை மூன்று மொழிகளிலும் படித்துச் சொல்ல, அவர்களுள்ளிருந்தே இருவரோ மூவரோ முன்வந்தால் போதும். உடன் தேவைப்படுவது ஒரு கணினியும் ஓர் அறையுமே. நம் பள்ளிக் கட்டடங்களோ மாலை ஐந்து மணிக்குப் பின் பூட்டியே கிடக்கின்றன.