சுவருக்குள்ளே ஒருத்தி

பேய்க் கதை என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. பாழடைந்த பங்களா, பூட்டிய அறை, நடுநிசியில் ஒரு சிரிப்பு... பட்டப்பகலில் மட்டுந்தான் படிப்பேன்; ராத்திரி படிக்கத் தைரியம் கிடையாது! ஆனால் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ கதையில் பேயே இல்லை. அதைப் படித்துத்தான் ரொம்பவும் பயந்துபோனேன்.

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதி, 1892-ல் வெளிவந்தது. கதாநாயகி பிள்ளை பெற்றவள், மனசு சரியில்லை. புருஷன் டாக்டர், தங்கமான மனுஷர். ஒரு பழைய பங்களாவை மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுத்து, மாடி அறையில் அவளை ஓய்வாக வைக்கிறார். ஜன்னலுக்குக் கம்பி, தரையோடு ஆணி அடித்த கட்டில். எழுதக் கூடாது. நாத்தனார் வரும் அரவம் கேட்டால் எழுதுவதை ஒளித்துவைக்கிறாள்.

புருஷன் மேல் அவளுக்குக் கோபம் வருகிறது. உடனே, ‘சே, இவ்வளவு அன்பானவர் மேலா? எல்லாம் என் நரம்புக் கோளாறு’ என்று தன்னையே கடிந்துகொள்கிறாள். கெட்டவனிடம் கோபப்படலாம். நல்லவரிடம் எப்படிக் கோபப்படுவதாம்? அந்தக் கோபம் சுவருக்குப் போகிறது! சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தின் பூவேலைக்குப் பின்னால் ஒருத்தி ஊர்ந்து திரிவது தெரிகிறது. நிலா வெளிச்சத்தில் பூவேலையே கம்பியாகிவிடுகிறது. உள்ளே இருப்பவள் அதைப் பிடித்து உலுக்குகிறாள். இவளால் முடியாததை அவள் செய்கிறாள், பாருங்கள்! கடைசியில் காகிதத்தைக் கிழித்தெறியும்போது இவள்தான் அவள். பார்த்த புருஷன் மயங்கி விழ, அவர் மேலேயே ஏறி ஊர்ந்து போகிறாள்.

1847-ல் வந்த சார்லட் பிராண்டேயின் ‘ஜேன் அய்ர்’ நாவலில் இதே கோபம் இரண்டு பெண்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஜேன் பொறுத்துப்போகிறாள், மாடியில் பூட்டிவைத்த முதல் மனைவி பெர்த்தா தீ வைக்கிறாள். கில்மன் இரண்டு பேரையும் ஒரே உடம்பில் வைத்துவிட்டார்.

சும்மா கற்பனை இல்லை. 1885-ல் மகள் பிறந்தபின் கில்மனுக்கும் அதே சோர்வு. பிரசவத்துக்குப் பின் இப்படி வருவது வியாதிதான், வைத்தியம் உண்டு என்று இன்று எந்த டாக்டரும் சொல்வார். 1887-ல் அவரைப் பார்த்த பெயர்பெற்ற நரம்பு வைத்தியர் வெயர் மிட்சல் சொன்னதோ வேறு: வீட்டோடு இரு, குழந்தையை விட்டு நகராதே, ஆயுசுக்கும் பேனாவைத் தொடாதே! மூன்று மாதம் கீழ்ப்படிந்தார். புத்தி பேதலிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

அந்த டாக்டருக்கே கதையின் பிரதி ஒன்றை அனுப்பினாராம். கிடைத்ததென்றுகூட அவர் ஒரு வரி எழுதவில்லை என்று 1913-ல் கில்மன் சொல்லியிருக்கிறார்.