சவுக்காரம் காணும், ஆனா பிளேட்டில கை வைக்காதீங்க

எங்கட கூட்டத்தில ஒரு பொடியனுக்கு உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் ஒன்றில் நேர்முகம் வந்தது. காலமை எட்டு மணிக்கு, முகம் வழிச்சு, சப்பாத்து மினுக்கி வரவேணும் எண்டு சொல்லியிருந்தார்கள். முதல்நாள் இரவு சேவிங் கிறீம் டியூபைப் பிதுக்கினால் காத்துத்தான் வந்தது. புதுசு வாங்கலாம். வாங்கினால் அடுத்த நாள் பஸ் காசு இல்லை. கடைசியில கிணத்தடியில கிடந்த குளிக்கிற சவுக்காரத்தை எடுத்தான். ஒரு கீறல்கூட இல்லாமல் முகத்தை வழிச்சு முடிச்சான்.

அன்றிலிருந்து எங்களுக்குள்ள ஒரு விவாதம். இவ்வளவு நாளும் அந்த டியூபுக்கு ஏன் காசு கொடுத்தோம்?

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. இறக்குமதிச் சாமான் எல்லாத்திலயும் இந்த இரண்டும் சேர்ந்துதான் ஏறி நிற்கிறது. உட்துறைமுக வீதிப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, பயிற்சிக் காசில் மாதத்தை ஓட்டுகிற எங்களுக்கு ஒரு டியூப் கிறீம் என்பது மூன்று நாள் சாப்பாட்டுப் பார்சலோடு போட்டிபோடுகிற சாமான்.

இதில புதுசாகக் கண்டுபிடிச்சதும் ஒன்றுமில்லை. பிரித்தானியக் கடற்படை 1957 இல் துறைமுகத் தளத்தைக் கையளிக்கிற வரைக்கும் டொக்யார்டில் வேலை செய்த அப்பப்பா ஒருவர் எங்களில் ஒருத்தனுக்கு இருந்தார். அவரின் சவரச் சாமான் ஒரு தகரக் குவளை, ஒரு பிரஷ், ஒரு ரேசர், ஒரு சவுக்காரத் துண்டு. சாகும்வரை அவ்வளவுதான்.

முகம் வழிக்கிறதில் முக்காவாசி வேலையைச் செய்கிறது தண்ணிதான். தாடி மயிர் தண்ணியைக் குடித்து இரண்டு மூன்று நிமிடத்தில் மெதுவாகும். ஈரமான மயிரை வெட்ட பிளேட்டுக்குக் குறைந்த பலமே போதும். நுரையின் வேலை, அந்த ஈரத்தைப் பிடித்து வைப்பதும் பிளேட் வழுக்கிப் போக வழி விடுவதும். குளியல் சவுக்காரம் சோடியம் ஐதரொட்சைட்டில் செய்வது. தேங்காய் எண்ணெய் சேர்ந்திருப்பதால் நுரை கெதியாய்ப் பொங்கும், கெதியாய்க் காயும். சவரத்துக்கென்று செய்கிற சவர்க்காரத்தில் பொற்றாசியமும் ஸ்டியரிக் அமிலமும் கூட இருக்கும். அந்த நுரை நெருக்கமாய் நின்றுபிடிக்கும். வித்தியாசம் உண்மைதான், ஆனால் சமாளிக்கக்கூடிய வித்தியாசம்.

எப்படிச் சமாளிக்கிறது? குளித்த கையோடு வழியுங்கள். முகத்தைத் துடைக்க வேண்டாம். துளித் தேங்காய் எண்ணெயைத் தடவி, அதுக்கு மேலே நுரையைப் போடுங்கள். ஒரேயடியாய் முழு முகத்துக்கும் போடாமல், ஒரு கன்னம் முடிய மற்றக் கன்னம். மயிர் வளர்கிற பக்கமாகவே இழுங்கள். முடிந்ததும் நல்லாய்க் கழுவுங்கள். சவுக்காரம் காரத்தன்மை கூடியது, தோலோ கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. நுரையோடு நின்று போன் பார்த்தால் எரியும், தோல் வறளும். பரு, எக்சிமா உள்ள ஆட்கள் வாசமில்லாத சவுக்காரமாய்ப் பாருங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர்களுக்குக் கிறீம் ஆடம்பரம் இல்லை.

தண்ணியையும் பார்க்கவேணும். கடலுக்குக் கிட்ட உள்ள சில கிணறுகளில் சவுக்காரம் நுரைக்காமல் வெள்ளையாய்த் திரையும். கடல் தண்ணியில் நுரையே வராதென்று திருக்கடலூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு குவளை குழாய்த் தண்ணியோ மழைத் தண்ணியோ எடுத்து வைத்தால் காணும்.

ஆனால் சிக்கனம் என்ற பேரில் நாங்கள் செய்த ஒரு மடத்தனத்தையும் சொல்லத்தான் வேணும். அறையில் மூன்று பேர் ஒரே ரேசரைப் பாவித்தோம். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறலில் வருகிற இரத்தம் காணும், ஹெபடைடிஸ் பி பரவ. சலூனில் அண்ணன் புது பிளேட்டை இரண்டாய் முறித்து ஆளுக்கொரு பாதி போடுவது இதுக்குத்தான். நுரையில் மிச்சம் பிடியுங்கள், பிளேட்டில் பிடிக்காதீங்க. இரண்டு பக்கக் கூர் உள்ள சாதாரண பிளேட் போடுகிற ரேசர் ஒன்றை ஒருக்கா வாங்கினால், பிறகு பிளேட்டுக்கு மட்டும்தான் செலவு. பாவித்ததும் உதறிக் காயவையுங்கள். மொட்டையானால் எறியுங்கள்.

இதை வாசித்துவிட்டு 'பார்த்தியா, இருக்கிறதை வைத்து வாழப் பழகவேணும்' என்று யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நெருக்கடி வந்த நாளிலிருந்து அந்தப் பாடத்தைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சவுக்காரத்தில் முகம் வழிப்பது எங்கட கெட்டித்தனம். பயிற்சி என்று சொல்லி ஆறு மாதம் அரைச் சம்பளம் கொடுப்பதற்கு அது நியாயம் ஆகாது. ஒவ்வொரு நாளும் மழுமழுவென்று முகம் கேட்கிற இடம், அந்த முகத்துக்கு ஆகிற பிளேட்டையும் சவுக்காரத்தையும் சம்பளக் கணக்கில் சேர்க்கவேணும். சீருடை கொடுக்கிற இடங்கள் இதையும் யோசிக்கலாம்தானே?

எங்கட பொடியனுக்கு அந்த வேலை கிடைச்சது. இப்ப வாரத்தில் ஆறு நாள் வழிக்கிறான், சவுக்காரத்தில்தான். சம்பளம் கூட்டிக் கேட்கும்போது இந்தக் கணக்கையும் எழுதிக் கொண்டுபோ எண்டு சொல்லியிருக்கிறோம்.