மூன்று முறை பிரித்த எஞ்சின்

நம் சங்கத்தின் டீசல் கார் 2,80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். நூல் கொள்முதலுக்கும், துணி மாதிரிகளைக் கொண்டு செல்வதற்கும், பூந்தமல்லிப் பக்கத்துத் தோட்டக்காரர்களின் அலுவல்களுக்கும் அது பயன்பட்டு வருகிறது. 14 மாதங்களுக்குள் அதன் எஞ்சினை மூன்று முறை பிரிக்க நேர்ந்தது. மூன்று முறையும் செலவு பொதுப் பணத்திலிருந்தே போயிற்று. கடைசியில், ஓட்டுநரின் அஜாக்கிரதையே காரணம், அவரை நீக்கிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. இவ்விஷயத்தில் நம் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்வது கடமை எனக் கருதுகிறோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ருடால்ப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அதை வெற்றிகரமாக இயக்கிய நாள் முதல் தத்துவம் ஒன்றே: காற்றைக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றச் செய்வது. ஆகவே சிலிண்டரின் மேலுள்ள ஹெட்டும், இடையிலுள்ள கேஸ்கட்டும் பெரும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியவை. நம் வண்டியில் ஒவ்வொரு முறையும் போனது அந்தக் கேஸ்கட்டே. ஒவ்வொரு முறையும் புதியது போடப்பட்டது. ஏன் போயிற்று என்று பட்டறையாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆவடியில் இயந்திர வேலை பார்த்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர், மூன்றாம் முறை பிரித்தபோது உடனிருந்தார். ரேடியேட்டருக்கு எந்த நீர் ஊற்றுகிறீர்கள் என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. சங்கத்து ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர் என்றோம். ரேடியேட்டரின் குழாய்களில் பாதி உப்புப் படிந்து அடைபட்டிருந்தன. ஹெட்டின் மேல் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்ததில், அது சூட்டில் வளைந்திருந்தது தெரிந்தது. வளைந்த ஹெட்டின் கீழ் எத்தனை புதுக் கேஸ்கட் வைத்தாலும் நில்லாது.

சூடு காட்டும் முள் ஏறவே இல்லை என்று ஓட்டுநர் முதலிலிருந்தே சொல்லி வந்தார், எவரும் நம்பவில்லை. நீர் கசிந்து மட்டம் தாழ்ந்தால், சூட்டை அறியும் கருவி நீரில் படாது. அப்போது எஞ்சின் கொதித்தாலும் முள் ஏறாமல் நிற்கக் கூடும். அவர் உண்மையே சொன்னார். பிழை, காரணம் கேளாமல் மூன்று ரசீதுகளிலும் கையொப்பமிட்ட நம்முடையது.

பாவில் ஒரே இடத்தில் இழை மீண்டும் மீண்டும் அறுந்தால், நெசவாளர் முடிச்சுப் போடுவதோடு நிற்பதில்லை. அச்சையும் விழுதையும் பார்க்கிறார். இலை பழுத்தால் விவசாயி வேரைப் பார்க்கிறார். தம் தொழிலில் உள்ள இந்த விவேகத்தைச் சங்கத்தின் வண்டியிலும் காட்ட வேண்டாமா?

எஞ்சின் தன் நோயை முன்கூட்டியே சொல்கிறது. கரும்புகை, காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை, நீர் உள்ளே கசிவதையோ டீசல் எரியாமல் போவதையோ காட்டும். காற்று வடிகட்டிக்குப் பின்னுள்ள குழாய் கிழிந்தால் தூசி புகுந்து சிலிண்டரை அராவிவிடும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் போல் தெருவில் நீர் நிற்கையில், எஞ்சினுள் நீர் புகுந்த வண்டியை முடுக்கினால் பிஸ்டனின் தண்டு வளையும். அவ்வளைவு உடனே தெரியாமல் பின்னர் எஞ்சினை உடைக்கவும் கூடும்.

நிர்வாகிகளுக்கு நாம் கூறும் யோசனைகள் நான்கு. எண்ணெய் மட்டமும் நீர் மட்டமும் தினமும் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். ரேடியேட்டரில் வடித்த நீர் கலந்த கூலன்ட் தவிர வேறொன்றும் ஊற்றலாகாது. பழுதின் காரணத்தை எழுத்தில் தந்து, கழற்றிய பாகத்தையும் காட்டாத பட்டறை ரசீதை அனுமதிக்கக் கூடாது. ஒரே பழுது ஓராண்டுக்குள் திரும்பினால், பணம் கொடுக்குமுன் வேறொருவரின் அபிப்பிராயம் கேட்க வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் எஞ்சின் தொழிற்சாலையும் அருகிருக்கும் நம் வட்டாரத்தில், விஷயம் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

ஓட்டுநரைப் பற்றிய பேச்சை அடுத்த கூட்டத்திலேயே முறைப்படி திரும்பப் பெற வேண்டும். வண்டியைச் செப்பனிடுவதற்கு முன் செய்யத்தக்க காரியம் அதுவே.