விதிவிலக்கு யாருக்கு?

வீடு கட்டும் மனையில் இவ்வளவு இடத்தைக் காலியாக விடவேண்டும், இவ்வளவு உயரத்திற்கு மேல் எழுப்பலாகாது, குடியிருப்புக்கென்று ஒதுக்கிய பகுதியில் கடையோ பட்டறையோ வைக்கலாகாது என்று சட்டம் விதிப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. முன்புறத்துக் காலியிடத்தில் தீயணைக்கும் வண்டி வந்து நிற்கவேண்டும். பக்கத்து இடைவெளியின் வழியே அண்டை வீட்டிற்குக் காற்றும் வெளிச்சமும் செல்லவேண்டும். பெய்யும் மழை நிலத்தில் இறங்கவேண்டும். 2015-ஆம் வருஷம் டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்ததைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும், மனைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவையல்ல. பாகப்பிரிவினையில் அரை கிரவுண்டு பெற்றவனுடைய மனை ஒரு பக்கம் கோணலாக இருக்கும். மற்றொருவனுடையது நீண்டு குறுகியிருக்கும். அதில் விதிப்படி நான்கு புறமும் இடம் விட்டால், மிஞ்சும் இடம் ஒரு கட்டில் போடுவதற்கும் போதாது. இத்தகையவன் "எனக்கு இரண்டடி தளர்த்திக் கொடுங்கள்" என்று மனுச் செய்து கொள்வதில் பிழை யாது? அவனுடைய கஷ்டம் அவன் தேடிக்கொண்டதன்று. நிலத்தின் அமைப்பிலேயே இருப்பது. அவனுக்கு இரங்குவதற்கு ஒரு வழியைச் சட்டமே வைத்திருக்க வேண்டும். இதில் அபிப்பிராய பேதத்திற்கு இடமில்லை. அந்த வழியை யார் பொருட்டு, யார் முன்னிலையில், என்ன காரணத்திற்காகத் திறப்பது என்பதே கேள்வி.

நமது ராஜ்யத்தில் 1971-ஆம் வருஷத்து நகர், ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, எந்த நிலத்திற்கும் எந்தக் கட்டிடத்திற்கும் அச்சட்டத்தின் எல்லா விதிகளிலிருந்துமே விலக்களிக்கும் அதிகாரத்தைச் சர்க்காரிடம் ஒப்புவித்தது. எவருக்கு அளிக்கலாம், எவருக்கு அளிக்கலாகாது என்று அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. அண்டை வீட்டாரைக் கேட்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வரம்பற்ற அதிகாரம் எங்கே கொண்டு விடும் என்பதை அதிக காலம் காத்திருந்து அறியவேண்டியிருக்கவில்லை. இப்பிரிவின் கீழ்ப் பிறந்த 62 உத்தரவுகளை எதிர்த்து, கன்ஸ்யூமர் ஆக்ஷன் குரூப் என்னும் நுகர்வோர் சங்கம் வழக்காடிற்று. மாடியின் மேல் மாடி, விடாத முன்னிடம், விடாத பக்கயிடம், வண்டி நிறுத்த இடமின்மை முதலிய அனைத்தும் அவ்வுத்தரவுகளால் மன்னிக்கப்பட்டிருந்தன. 2000-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு 113-ஆவது பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால், அதனைச் சட்டத்தின் நோக்கத்திற்கு அனுகூலமாகவே பிரயோகிக்க வேண்டும் என்று கூறி, காரணம் காட்டாது பிறப்பித்த அந்த 62 உத்தரவுகளையும் ரத்து செய்தது.

இதற்கிடையே வேறொரு வழியும் திறந்துவிட்டது. 1998-ஆம் வருஷத்தில் 113-ஏ என்ற புதுப் பிரிவு சேர்க்கப்பட்டது. விதியை மீறிக் கட்டி முடித்தவர்கள் பணம் செலுத்தினால் அக்கட்டிடம் முறைப்படுத்தப்படும் என்பது அதன் சாரம். ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்பதனாலேயே சுப்ரீம் கோர்ட்டு அதனை அனுமதித்தது. அந்த "ஒரே முறை" ஒரு முறையோடு நின்றதா? கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்துத் திருத்தங்கள் வந்தன. பின்னர், 2007 ஜூலை 1-ஆம் தேதிக்குள் எழும்பிய கட்டிடங்களுக்காக 113-சி என்று இன்னொரு பிரிவு 2012-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் வந்தது. இதன் பலன் யாது? கட்டுவதற்கு முன் பணிவோடு விண்ணப்பித்தவன் காரியாலயப் படிகளில் ஏறி இறங்குகிறான்; கேளாமல் கட்டியவன் மன்னிப்பை எதிர்பார்த்து நிம்மதியாக உறங்குகிறான். சட்டத்திற்கு அடங்கியவனைத் தண்டித்து, அடங்காதவனுக்குப் பரிசளிக்கும் முறையை நியாயமென்று எவர் சொல்வார்?

இச்சிக்கலை நமக்கு முன்னரே கண்டவர்கள் உண்டு. நகரம் முழுவதையும் பகுதி பகுதியாக வகுத்துக் கட்டிடங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை நியூயார்க் நகரம் 1916-ஆம் வருஷத்தில் இயற்றியபோதே, அனாவசியமான கஷ்டம் நேரும் இடத்தில் விதியைத் தளர்த்த ஒரு தனிச் சபையையும் அமைத்தது. 1926-ஆம் வருஷம் அமெரிக்க வர்த்தக இலாகா வெளியிட்ட மாதிரிச் சட்டம், இத்தகைய சபை பகிரங்கமாகக் கூடவேண்டும், சம்பந்தப்பட்டவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து விசாரிக்க வேண்டும், நடவடிக்கைகளைப் பதிவு செய்யவேண்டும் என்று வகுத்தது. 1939-இல் நியூயார்க் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. ஒரு பகுதி குடியிருப்புக்கென்று வகுத்த நிலத்தில் சறுக்கு விளையாட்டு மண்டபம் கட்டக் கொடுத்த அனுமதி அங்கே ரத்தாயிற்று. நிலத்தை விதிப்படி உபயோகித்தால் நியாயமான பலன் கிடையாது என்பதையும், கஷ்டம் அந்த நிலத்திற்கே பிரத்தியேகமானது என்பதையும், அனுமதியால் சுற்றுப்புறத்தின் தன்மை மாறாது என்பதையும் மனுதாரரே ருசுப்படுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறிற்று. அதிக லாபம் வரும் என்பது மட்டும் காரணமாகாது.

இம்மூன்று சோதனைகளும் நம் நாட்டிற்கு ஒவ்வாதவை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே நாம் கோருவது இதுவே: விலக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு மனுவையும் அந்தத் தெருவாருக்கு அறிவிக்க வேண்டும். மனுதாரரையும் மறுப்பவரையும் பகிரங்கமாக விசாரிக்க வேண்டும். கொடுத்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுதி எவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். அரை கிரவுண்டுக்காரனுடைய மனுவுக்குக் காலவரம்பு வேண்டும். கட்டி முடித்த பின் பணம் கட்டி மன்னிப்பு வாங்கும் வாயிலை நிரந்தரமாக அடைக்க வேண்டும்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறு மனைக்காரனுடைய நியாயமான மனுவை ஆதரிப்பதும், பெரும் பணக்காரனுடைய அநியாயமான மனுவை எதிர்ப்பதும் ஒரே கடமையின் இரு பாகங்கள். அண்டை வீட்டுக்காரன் ஆட்சேபித்தால் அதைப் பகைமை என்று கொள்ளலாகாது. அவனுடைய காற்றும் வெளிச்சமும் அதில் அடங்கியிருக்கின்றன. விதிவிலக்கு என்பது சர்க்கார் தமக்கு வேண்டியவர்களுக்கு வழங்கும் சன்மானம் அன்று. நியாயம் கேட்டு வருபவன் ஏழையாயினும் அவனுக்கு உரியது. காரணம் காட்ட இயலாதவன் கோடீசுவரனாயினும் அவனுக்கு உரியதன்று. இதனை நமது வார்டுகளிலேயே நிலைநாட்டத் தவறினால், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று மேடைகளில் முழங்குவதில் பயன் ஒன்றுமில்லை.